எந்த மென்பொருளில் இசையமைப்பது? வாசகர் கேள்வி – பதில்

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்வதைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. ஒலிப்பதிவுக் கூடங்களில் ‘டா’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டிஜிட்டல் ஆடியோ ஒர்க்ஸ்டேஷன்களில், அதாவது குரலையும் வாத்தியங்களையும் பதிந்து, வெட்டி ஒட்டி, மிக்ஸிங் வரை செய்து முடிக்க உதவும் மென்பொருள்களில், எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே அது. ஊரும் தேவையும் வேறுபடுவதால் பதில்களும் வேறுபடுகின்றன.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் மடிக்கணினியும் சிறிய மிடி கீபோர்டும் இருக்கின்றன. நானே மெட்டமைத்து, நானே பாடி வெளியிட ஆசை. நண்பர்கள் எஃப்எல் ஸ்டுடியோ என்கிறார்கள். எங்கள் ஊர் ரெக்கார்டிங் ஸ்டுடியோ அண்ணன் கியூபேஸ் என்கிறார். யூடியூபில் ஏபிள்டன் லைவ் என்கிறார்கள். எதுதான் சிறந்தது?
– வாசகர், திருநெல்வேலி

மூன்று தரப்பினரும் தத்தம் வேலைக்குப் பொருந்தியதைச் சொல்கிறார்கள். இந்த மென்பொருள்கள் எந்தத் தேவையில் பிறந்தன என்று பார்த்தால் குழப்பம் பெருமளவு தெளியும். கியூபேஸை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1989-இல் அட்டாரி கணினிக்காக வெளியிட்டது. அப்போது அதனால் ஒலியைப் பதிய முடியாது, எந்தக் கீபோர்டு எந்த நொடியில் எந்தச் சுரத்தை வாசிக்க வேண்டும் என்ற மிடிக் கட்டளைகளை வரிசைப்படுத்தத்தான் முடியும். 1991-இல் வந்த புரோ டூல்ஸ், நாடா இயந்திரத்தின் இடத்தைப் பிடிக்க வந்தது. எஃப்எல் ஸ்டுடியோ 1990-களின் இறுதியில் பெல்ஜியத்தில் ‘ஃப்ரூட்டிலூப்ஸ்’ என்ற பெயரில், பதினாறு கட்டங்களைத் தட்டித் தாளம் அமைக்கும் டிரம் மெஷினாகத் தொடங்கியது. பெர்லினில் உருவாகி 2001-இல் வெளிவந்த லைவ், பெயருக்கேற்ப மேடையில் ஒலித்துண்டுகளை அந்த நேரத்துக்கு மாற்றி மாற்றி ஒலிக்கவிட விரும்பியவர்களுக்காக எழுதப்பட்டது. பிறகு இவை ஒன்றையொன்று பார்த்து வளர்ந்து, இன்று ஒன்று செய்வதை ஏறக்குறைய மற்றவையும் செய்கின்றன என்றாலும், பிறவிக்குணம் மாறவில்லை. எஃப்எல்லில் ஒரு தாளத்தை இரண்டு நிமிடத்தில் கட்டிவிடலாம். ஒரு பாடகர் பாடிய எட்டு டேக்குகளிலிருந்து நல்ல வரிகளைப் பொறுக்கி ஒரே குரலாக ஒட்டும் வேலையோ கியூபேஸிலும் புரோ டூல்ஸிலும் கையோடு வருவதைப்போல அதில் வருவதில்லை.

உங்கள் கடிதத்தில் ‘நானே பாடி’ என்ற இரண்டு சொற்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. எஃப்எல் ஸ்டுடியோவின் மிகக் குறைந்த விலைப் பதிப்பான ‘ஃப்ரூட்டி’யில் குரலைப் பதியும் வசதி நெடுங்காலம் இருந்ததில்லை, அதற்கு அடுத்த ‘புரொடியூசர்’ பதிப்புக்குப் போக வேண்டியிருந்தது; வாங்குமுன் இப்போதைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். விலை குறைவு என்று முதலாவதை வாங்கிவிட்டுத் தவித்தவர்களை நான் அறிவேன். அதன் சோதனைப் பதிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு: எல்லா வசதிகளும் இருக்கும், வேலையைச் சேமிக்கவும் முடியும், ஆனால் பணம் கட்டும் வரை சேமித்த கோப்பைத் திரும்பத் திறக்க முடியாது.

பாட்டின் எலும்பு தாளமும், திரும்பத் திரும்ப ஒலிக்கும் துண்டான லூப்பும்தான், குரல் அதன் மேல் வந்து உட்காருவது என்று நீங்கள் இசையமைப்பவரானால் எஃப்எல் புரொடியூசரே போதும். மெட்டும் குரலும் முதலில் வந்து மற்றவை பின்னால் சேருமானால் கியூபேஸின் சிறிய பதிப்புகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். அதற்கு நான் கொடுக்கும் பெரிய காரணம் மென்பொருளில் இல்லை. உங்கள் ஊரில் ஒரு அண்ணன் அதில் வேலை செய்கிறார் என்பதில் இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு, பதிந்த குரல் எங்கே போயிற்று என்று தெரியாமல் நிற்கும்போது, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று தொலைபேசியில் சொல்ல ஒருவர் இருப்பது மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் துணைக் கருவிகளான பிளகின்கள் பத்தைவிடப் பெரிய வசதி. நான் முதல் இரண்டு ஆண்டுகளில் நான்கு மென்பொருள்களை மாற்றினேன். முடித்த பாட்டுகள் மூன்று.

கடைக்குப் போகுமுன் உங்கள் மிடி கீபோர்டு வந்த பெட்டியைத் தேடிப் பாருங்கள். கீபோர்டுகளுடனும், மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டிகளான ஆடியோ இன்டர்ஃபேஸ்களுடனும் கியூபேஸ் எல்இ அல்லது ஏபிள்டன் லைவ் லைட்டுக்கான உரிம எண்ணைப் பல நிறுவனங்கள் இலவசமாகத் தருகின்றன. பெரும்பாலோர் அந்த அட்டையைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. மிச்சமாகும் பணத்தில் ஆடியோ இன்டர்ஃபேஸை வாங்குங்கள், ஏனெனில் மடிக்கணினியின் சொந்த ஒலிவழியில் பாடினால் உங்கள் குரல் உங்கள் காதுக்கே தாமதமாக வந்து சேரும். தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ இயக்கி உள்ள இன்டர்ஃபேஸில், 48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை, அதாவது கணினி ஒரே தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலிமாதிரிகளின் எண்ணிக்கையை, 128 என்று வைத்தால், அந்தப் பஃபரால் ஒரு வழிக்கு ஏற்படும் தாமதம் 2.7 மில்லிநொடிதான். பாடும்போது 128, மிக்ஸிங்கின்போது 1024 என்று மாற்றிக்கொண்டால் கணினியும் திணறாது. 8 ஜிபி ரேமைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம். பெரிய வயலின் கூட்டிசை நூலகங்களை ஏற்றும்போதுதான் அது போதாமல் போகும், அப்போதும் முடிந்த ட்ராக்குகளை ‘ஃப்ரீஸ்’ செய்து, அதாவது தற்காலிகமாக ஒலிக்கோப்பாக மாற்றி, சமாளிக்கலாம்.

ஆப்பிளின் மேக் கணினிகளில் ஓடும் லாஜிக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டாலும் பயனில்லை. அதை உருவாக்கிய ஜெர்மானிய நிறுவனமான இமேஜிக்கை ஆப்பிள் 2002-இல் வாங்கியதும் விண்டோஸ் பதிப்பு நிறுத்தப்பட்டுவிட்டது.

கர்நாடக இசை கற்பிக்கிறேன். பாடங்களையும் சிறிய கச்சேரிகளையும் வயலின், மிருதங்கத்துடன் பதிவு செய்ய விரும்புகிறேன். ‘க்ளிக்’ (வேகம் காட்டும் தட்டொலி) கேட்டுப் பாடினால் பாட்டு உயிரற்றுப் போகிறது; கேட்காமல் பாடினால் பிறகு திருத்தும்போது எதுவும் கட்டத்தில் பொருந்துவதில்லை. நம் இசைக்கென்று தனி மென்பொருள் உண்டா?
– வாசகி, தஞ்சாவூர்

தனி மென்பொருளைத் தேட வேண்டியதில்லை. உங்கள் வேலைக்கு ரீப்பரைப் பரிந்துரைக்கிறேன். வினாம்ப் என்ற பழைய பாட்டுக் கேட்கும் மென்பொருளை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கலின் காக்கோஸ் நிறுவனம் உருவாக்கிய இது மிகச் சிறியது, பழைய கணினியிலும் ஓடும், தனிநபர் உரிமம் 60 டாலர். அதனுடன் மெய்நிகர் வாத்தியங்கள் ஏறக்குறைய எதுவும் வருவதில்லை என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. உயிருள்ள வயலினும் மிருதங்கமும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அது குறையே அல்ல.

க்ளிக்கைப் பற்றிய உங்கள் மனவருத்தம் நியாயமானது. மென்பொருள் தன் கட்டங்களை முதலில் போட்டுவிட்டு, அவற்றுக்குள் வந்து உட்காரும்படி பாட்டை அழைக்கிறது. நம் கச்சேரியில் காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், பாடகரும் மிருதங்கக்காரரும் ஒருவரையொருவர் பார்த்து நிலைநிறுத்துவது. நிரவலிலும் கல்பனாஸ்வரத்திலும் அது நூலிழை முன்னே போவதும் தனி ஆவர்த்தனம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது ஊன்றி நிற்பதும் இயல்பு. ஆகவே முறையைத் தலைகீழாக்குங்கள். க்ளிக் இல்லாமல் பாடிப் பதிந்துகொண்டு, பிறகு கட்டங்களைப் பாட்டுக்குப் பின்னால் நடக்க வையுங்கள். ரீப்பரில் முதலில் திட்டத்தின் நேர அடிப்படையை ‘டைம்’ என்று மாற்ற வேண்டும்; இதை மறந்தால் கட்டத்தை நகர்த்தும்போது பதிந்த ஒலியும் சேர்ந்து நகர்ந்து எல்லாம் குலைந்துவிடும். பிறகு ஒரு சமத்திலிருந்து (தாளச் சுற்று தொடங்கும் இடம்) அடுத்த சமம் வரை உள்ள பகுதியைத் தெரிவு செய்து, அதை ஓர் அளவாக, அதாவது ‘மெஷராக’, ஆக்கும் கட்டளையைக் கொடுத்தால், அந்த ஆவர்த்தத்தின் (ஒரு முழுத் தாளச் சுற்று) வேகத்தை மென்பொருளே கணக்கிட்டுக் கட்டம் போடும். பத்து நிமிடக் கீர்த்தனைக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம், ஆனால் அதன் பிறகு எந்த ஆவர்த்தத்தையும் விரல் வைத்துக் காட்டி மாணவிக்குத் திரும்பப் போடலாம். கியூபேஸ், லாஜிக், புரோ டூல்ஸ் ஆகியவற்றிலும் இதற்கு வழி உண்டு.

ஆதி தாளத்தை எல்லோரும் 4/4 என்று வைத்துவிடுகிறார்கள், அப்போது ஓர் ஆவர்த்தம் இரண்டு அளவுகளாக உடைகிறது. 8/4 என்று வைத்தால் மென்பொருள் காட்டும் அளவு எண்ணே ஆவர்த்த எண்ணாகிவிடும். மிஸ்ர சாபுவுக்கு 7/8, கண்ட சாபுவுக்கு 5/8. ஓர் எண்ணிக்கைக்கு மூன்றாகச் செல்லும் திஸ்ர நடையில் ஸ்வரம் பாடும் இடத்தில் கட்டத்தை ‘ட்ரிப்லெட்’டுக்கு மாற்ற வேண்டும். எடுப்பைப் பற்றியும் ஒரு சொல்: சமத்திலிருந்து அரை இடமோ முக்கால் இடமோ தள்ளித் தொடங்கும் பாட்டை, ‘முதல் எழுத்து முதல் கோட்டில்’ என்று இழுத்து வைத்துவிடாதீர்கள். அளவுக்கோடு சமத்துக்குரியது, பாட்டு அதற்குப் பிறகு தன் இடத்தில் தொடங்கட்டும். இதைச் செய்யாத பதிவுகளில் பின்னால் தாளம் சேர்க்க வரும் புரோகிராமர் முழுப் பாட்டையும் தவறான இடத்தில் எண்ணிக்கொண்டிருப்பார்.

சுருதியில் இன்னொரு கவனம் வேண்டும். நீங்கள் ஐந்தரைக் கட்டையில் பாடுகிறீர்கள் என்றால் அது கீபோர்டில் ஜி ஷார்ப். ஆனால் காதால் சேர்த்த தம்புரா 440 ஹெர்ட்ஸ் அடிப்படையில் அமைந்த ஜி ஷார்ப்பிலிருந்து சற்றே விலகி நிற்கலாம். பின்னால் கீபோர்டைச் சேர்க்கப்போகிறீர்கள் என்றால் பதிவன்றே அந்த விலகலை ட்யூனரில் பார்த்து சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சுருதியைத் திருத்தும் கருவிகளை, அதாவது கியூபேஸின் வேரியாடியோ, லாஜிக்கின் ஃபிளெக்ஸ் பிட்ச், மெலடைன் போன்றவற்றை, முழுப் பாட்டின் மேல் ஒரேயடியாக ஏவாதீர்கள். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, அசைவதே அதன் வடிவம். கருவியோ அந்த அசைவைப் பிழை என்று எண்ணி நேர்கோடாக்கும். உண்மையிலேயே விலகிய ஒரு கார்வையை (நீட்டி நிறுத்திய சுரத்தை) மட்டும் தொட்டுத் திருத்துவதே பாதுகாப்பானது.

கீபோர்டில் கமகம் வாசிப்பவர்களுக்கும் இதே தொல்லை வேறு வடிவில் வரும். மிடியின் பிட்ச் பெண்ட் வழக்கமாக மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம்தான் போகும். ஸட்ஜத்திலிருந்து பஞ்சமம் வரை ஒரே ஜாருவில் (வழுக்கிச் செல்லும் இழுப்பில்) போக ஏழு வேண்டும். அதை மென்பொருளில் மட்டும் வரைந்தால் போதாது, வாத்திய பிளகினுக்குள்ளும் எல்லையை ஏழாக மாற்ற வேண்டும். பன்னிரண்டு சம அரைச்சுரங்களுக்கு வெளியே சுர அமைப்புகளை வைத்துக்கொள்ளும் வசதி 2024-இல் வந்த லைவ் 12-இல் உள்ளேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆராய்ச்சிக்கு நல்லது, ராகத்துக்கு அது மட்டும் போதாது.

அளவு தெரிந்திருந்தால் வட்டு வாங்க எளிது: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மைக்குக்கு நிமிடத்துக்கு 8.64 எம்பி. ஆறு மைக்குகளுடன் இரண்டு மணி நேரக் கச்சேரி சுமார் 6.2 ஜிபி. மிருதங்கத்தின் உச்ச அடி மைனஸ் 10 டெசிபெலைத் தாண்டாமல் வைத்துக்கொண்டால், தனியில் அவர் கையை ஓங்கும்போதும் ஒலி உடையாது.

குறும்படங்களுக்கு லாஜிக்கில் இசையமைக்கிறேன். மிக்ஸிங் தியேட்டரில் ‘புரோ டூல்ஸில் கொடுங்கள்’ என்கிறார்கள். நான் மென்பொருளை மாற்ற வேண்டுமா?
– வாசகர், சென்னை

வேண்டாம். வசனம், எஃபெக்ட்ஸ், இசை மூன்றையும் சேர்க்கும் திரைப்பட மிக்ஸிங் அரங்குகளில் புரோ டூல்ஸே நிலைபெற்றுவிட்டது என்பது உண்மை. ஏ.ஆர். ரஹ்மான் நெடுங்காலமாக லாஜிக்கில் வேலை செய்கிறார் என்பதும், அவருடைய இசை அதே அரங்குகளில் கலக்கப்படுகிறது என்பதும் அதே அளவு உண்மை. அவர்கள் கேட்பது புரோ டூல்ஸில் திறந்தால் தானாகவே சரியான இடத்தில் வந்து நிற்கும் ஒலிக்கோப்புகளை. தாளம், தந்தி, குரல், கீபோர்டு என்று பிரித்த ஸ்டெம்களை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்புகளாக, எல்லாம் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து, புல்லாங்குழல் மூன்றாம் நிமிடத்தில்தான் வருகிறது என்றாலும் அதற்கு முன் உள்ள மௌனத்தையும் சேர்த்து, ஏற்றுமதி செய்து கொடுங்கள். முதல் படச்சட்டத்துக்குச் சரியாக இரண்டு நொடி முன்னால் ஒரே ஒரு சட்ட நீளத்துக்கு ‘பீப்’ ஒலியை வைத்தால், படத்தோடு இசை பொருந்தியிருக்கிறதா என்று அவர்கள் ஒரு பார்வையில் தெரிந்துகொள்வார்கள். எல்லா ட்ராக்குகளும் கலந்து வெளியேறும் மாஸ்டரில் போட்டிருக்கும், ஒலியை ஓர் எல்லைக்கு மேல் போகாமல் அடக்கும் லிமிட்டரைக் கழற்றிவிடுங்கள்.

இரண்டு எண்களில்தான் புதியவர்கள் அடிக்கடி வழுக்குகிறார்கள். வினாடிக்கு 24 சட்டங்களில் எடுத்த பத்து நிமிடப் படத்தை 25 என்று எண்ணித் திறந்தால் அது 24 நொடி முன்னதாகவே முடிந்துவிடும்; உங்கள் உச்சக்கட்ட இசை யாருமில்லாத கறுப்புத் திரையில் ஒலிக்கும். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்த கோப்பை மாற்றாமல் 48 என்று வாசித்தால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறும். தொடங்கும் முன் எடிட்டரிடம் சட்ட வேகத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பழகிப் பார்க்க விரும்பினால் ‘புரோ டூல்ஸ் இன்ட்ரோ’ என்ற இலவசப் பதிப்பில் எட்டு ஆடியோ ட்ராக்குகள் வரை கிடைக்கும். அரங்கில் உட்காருபவர் பேசும் மொழி புரிய அது போதும்.

ஒரே பாட்டை எஃப்எல்லிலும் கியூபேஸிலும் கேட்டேன். கியூபேஸில் ஒலி விரிவாகவும் இயல்பாகவும், எஃப்எல்லில் நெருக்கியடித்ததாகவும் இருக்கிறது. மென்பொருளுக்கென்று ஒலித்தரம் உண்டா?
– வாசகர், யாழ்ப்பாணம்

உங்கள் காது பொய் சொல்லவில்லை, காரணம்தான் வேறு. ஒலிகளைக் கூட்டுவது கணினிக்கு வெறும் கூட்டல் கணக்கு. ஒரே வேவ் கோப்புகளை இரண்டிலும் வைத்து, எந்தப் பிளகினும் இல்லாமல், ஒலியளவையும், ஒலி இடமா வலமா என்று காட்டும் பேன் அமைப்பையும் ஒன்றாக்கி ஏற்றுமதி செய்து, ஒன்றின் துருவத்தைத் தலைகீழாக்கி (ஒலியலையை மேல் கீழாகப் புரட்டி) இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டுப் பாருங்கள். மௌனம்தான் கேட்கும்.

வேறுபாடு பெரும்பாலும் தொடக்க அமைப்புகளில் ஒளிந்திருக்கிறது. எஃப்எல்லில் புதிய திட்டம் மாஸ்டரில் லிமிட்டரோடு திறக்கும்படி ஒரு வார்ப்புரு உண்டு. நீங்கள் கேட்ட நெருக்கத்துக்கு என் முதல் சந்தேகம் அதன் மேல்தான். அடுத்தது ‘பேன் லா’. நடுவில் வைத்த ஒற்றை ஒலி இரண்டு ஸ்பீக்கர்களிலும் ஒலிப்பதால் உரக்கக் கேட்கும் என்று சில மென்பொருள்கள் அதை 3 டெசிபெல் குறைத்து வைக்கின்றன. ரீப்பர் போன்றவை இயல்பாகக் குறைப்பதில்லை. ஆகவே ஒரே திட்டத்தை இரண்டில் வைத்தால் நடுவிலுள்ள குரலுக்கும் இரு பக்கமும் விரிந்த ஸ்டீரியோ கீபோர்டுக்கும் இடையிலான விகிதமே மாறிவிடும். பாட்டின் வேகத்தை மாற்றி இழுத்திருந்தால் மட்டும் மென்பொருளுக்கு மென்பொருள் உண்மையான வேறுபாடு கேட்கும், ஏனெனில் இழுக்கும் கணக்கு ஒவ்வொன்றிலும் வேறு.

எல்லா மென்பொருளுக்கும் ‘கிராக்’ கிடைக்கும்போது பணம் கட்டுவது வீண் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உங்கள் கருத்து?
– வாசகர், கோயம்புத்தூர்

திருட்டு திருட்டுதான், அதை நான் சுற்றிவளைத்துச் சொல்லப்போவதில்லை. நண்பர்கள் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன்: கிராக் செய்த பிளகினோடு முடித்த பாட்டை ஆறு மாதம் கழித்து, கணினியைப் புதுப்பித்த பிறகு, வாடிக்கையாளர் ஒரு திருத்தம் கேட்கும்போது திறந்து பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இப்படித்தான் ஒரு கல்யாண ஆல்பத்தின் எட்டுப் பாட்டுகளையும் முதலிலிருந்து வாசித்தார்.

ரீப்பரை 60 நாள் எந்த வெட்டும் இல்லாமல் பயன்படுத்திப் பார்க்கலாம். எஃப்எல்லை ஒருமுறை வாங்கினால் பின்னால் வரும் புதிய பதிப்புகள் அனைத்தும் கூடுதல் பணமின்றிக் கிடைக்கும். மாணவருக்கு இதைவிட நல்ல பேரம் குறைவு. டாலர் விலையைப் பார்த்துத் தொகையைத் தயார்செய்பவர்கள் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேரலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பணம் கட்டி வாங்கியதும் நிரந்தரம் என்று நினைக்க வேண்டாம். பலர் நம்பியிருந்த கேக்வாக் சோனாரின் தயாரிப்பைக் கிப்சன் நிறுவனம் 2017-இல் நிறுத்தியது. அடுத்த ஆண்டு பேண்ட்லேப் அதை வாங்கி இலவசமாக வெளியிட்டதால் அவர்கள் பிழைத்தார்கள். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் எல்லா ட்ராக்குகளையும் தனித்தனி வேவ் கோப்புகளாக எடுத்து வேறொரு வட்டில் வைத்துவிடுங்கள். எந்த மென்பொருள் போனாலும் வேவ் திறக்கும்.

கணினி இல்லை, கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது. தொடங்க முடியுமா?
– வாசகி, கிள்ளான், மலேசியா

ஐஃபோன் என்றால் கராஜ்பேண்ட் இலவசம்; அதில் தொடங்கிய பாட்டைப் பின்னால் மேக் கணினியின் லாஜிக்கில் திறந்து தொடரலாம். ஆண்ட்ராய்டு என்றால் பேண்ட்லேப்பைப் போட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டுக் கருவிகளில் ஒலித்தாமதம் கருவிக்குக் கருவி மாறுவதால், தாளத்தைக் கேட்டுக்கொண்டே பாடிய குரல் சற்றுப் பின்தங்கி விழுந்தால் உங்கள் தாளஞானத்தைச் சந்தேகிக்காமல் அந்தக் குரல்துண்டை விரலால் முன்னுக்கு நகர்த்துங்கள். புளூடூத் இயர்போனைப் பதிவின்போது கழற்றிவிட்டு, கம்பி உள்ளதை மாட்டிக்கொண்டால் பாதித் தொல்லை அப்போதே தீரும்.